மிக்ஸ் அனுப்பியாச்சு, பதிலும் வந்தாச்சு, ஒன்றும் புரியவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன் வைத்துக்கொண்டு பாட்டு மிக்ஸ் செய்கிறவர்களுக்காக, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் ஒரே பாட்டாகக் கலப்பவர்களுக்காக இது. ஈக்யூவும் (ஒலியின் அடி, நடு, உயர் பகுதிகளை ஏற்றி இறக்குவது) கம்ப்ரஸரும் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) கற்றுத்தர வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. மிக்ஸை அடுத்தவர் காதுக்குக் கொடுத்துக் கருத்து வாங்குவது எப்படி, அடுத்தவர் மிக்ஸைக் கேட்டுவிட்டு உருப்படியாக ஏதாவது சொல்வது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதில் சிக்கல் வந்தால் உடனே ரசனை மேல் பழி போடுகிறோம். "அவனுக்குக் காதே கிடையாது", "இவருக்கு இந்த ஸ்டைல் புரியாது." ரசனை வேறுபாடு உண்மைதான், ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். அதற்கு முன் சத்த அளவு, கோப்பு, கேட்ட கருவி, நீங்கள் கேட்ட கேள்வி ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் நிலைமைக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதலில் வருபவை கருத்து வாங்குபவருக்கு, பின்னால் வருபவை கருத்து சொல்பவருக்கு. நம்மில் பெரும்பாலானோர் இரண்டு வேலையும் பார்ப்பவர்கள்.

"நல்லா இருக்கு ப்ரோ" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை

கோளாறு கேள்வியில். "கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு" என்று அனுப்பினால், கல்யாணப் பந்தியில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் வருகிற பதில்தான் வரும். யாரும் உண்மையைச் சொல்லி மனஸ்தாபம் தேடிக்கொள்ள மாட்டார்கள்.

இடத்தைக் காட்டச் சொல்லும் கேள்வியாக மாற்றுங்கள். "எந்த இடத்தில் கவனம் பாட்டை விட்டு வெளியே போச்சு?" "எந்த வரி காதில் விழவில்லை?" இன்னும் கூச்சப்படுகிறவர் என்றால் இரண்டு மிக்ஸை அனுப்பி எதை மறுபடி கேட்கத் தோன்றுகிறது என்று மட்டும் கேளுங்கள். இரண்டுமே உங்களுடையவை என்பதால், ஒன்றைக் குறைத்துச் சொன்னாலும் அவருக்குச் சங்கடம் இல்லை.

மிக்ஸிங் தெரியாதவரிடம் "லோ மிட் எப்படி இருக்கு" என்று கேட்கக் கூடாது. அவருக்கும் ஏதாவது சொல்லியாக வேண்டும், எங்கேயோ கேட்ட சொல் ஒன்றை எடுத்து விடுவார். நீங்கள் அதை நம்பி இரண்டு நாள் ஈக்யூவைத் திருகுவீர்கள்.

இன்னொன்று: ஒரு பாட்டை முதல்முறையாகக் கேட்கும் காது ஒருவரிடமிருந்து ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். உங்களுக்குத் தெரிந்தவர்களில் நன்றாகக் கேட்கத் தெரிந்த ஆள் யாரோ, அவருக்கு அரைகுறை மிக்ஸை அனுப்பி அந்த முதல்முறையை வீணாக்காதீர்கள். அவரைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புது மிக்ஸ்தான் பெட்டர் என்கிறார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பழையதே தேவலை

கிட்டத்தட்ட உறுதியாகச் சத்த அளவுதான் காரணம். ஒரே பாட்டின் இரண்டு மிக்ஸில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தால், கேட்பவர் "இது சத்தமா இருக்கு" என்று சொல்ல மாட்டார். "இது தெளிவா இருக்கு", "பேஸ் நல்லா இருக்கு" என்பார். பொய் சொல்லவில்லை, காது அப்படித்தான் வேலை செய்கிறது. 1933லேயே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமாகப் போட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடிஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் நடுப்பகுதியைவிடக் குறைவாக உணர்கிறது. சத்தத்தை ஏற்றினால் பேஸும் ட்ரெபிளும் தானாக நிமிர்ந்து உட்காரும். நீங்கள் ஈக்யூவில் எதையும் தொட்டிருக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் நாம் ஏதாவது ஒன்றைக் கூட்டுகிறோம். கம்ப்ரஸர் கூட்டுகிறோம், லிமிட்டரை (சத்தத்தின் உச்சத்தை எல்லையில் தடுத்து நிறுத்துவது) கொஞ்சம் அழுத்துகிறோம். அதனால் ஒவ்வொரு பதிப்பும் முந்தையதைவிடச் சத்தமாகவே வருகிறது. கேட்பவர்களும் ஒவ்வொரு முறையும் "முன்னேற்றம்" என்கிறார்கள்.

சரி செய்வது சுலபம். யூலீன் லவுட்னஸ் மீட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006ல் வெளியிட்ட அளவுமுறைப்படி அது காதுக்குத் தெரியும் சத்தத்தை எண்ணாகக் காட்டும், அலகு எல்யூஎஃப்எஸ். எண் மைனஸில் வரும், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். இரண்டு மிக்ஸிலும் ஒரே பல்லவியை ஓட்டி அளந்து பாருங்கள். பழையது மைனஸ் 17, புதியது மைனஸ் 14.5 என்று வந்தால், புதியதை 2.5 டெசிபல் இறக்கி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பழையதை ஏற்றாதீர்கள், உச்சம் இடித்து நசுங்கும். கோப்புக்கு "புது மிக்ஸ் ஃபைனல்" என்று பெயர் வைக்காமல் "அ", "ஆ" என்று வையுங்கள். பாதிப் பேருக்கு எது அ, எது ஆ என்பதை மாற்றியும் அனுப்புங்கள், ஏனென்றால் முதலில் கேட்டதற்கோ கடைசியில் கேட்டதற்கோ சாய்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு.

"இப்படிச் சத்தத்தைக் குறைத்தால் வெளியிடும்போது என் பாட்டு மட்டும் சின்னதாகக் கேட்குமே" என்று பயம் வரும். கருத்து கேட்கும் கட்டத்தில் அந்தக் கவலையே வேண்டாம். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14க்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கிறது. யூடியூபும் சத்தமான பாட்டை இறக்கிவிடும். லிமிட்டரை நசுக்கி வாங்கிய சத்தத்தை அவர்கள் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், நசுங்கல் மட்டும் உங்களுக்கு மிஞ்சும்.

ரெஃபரன்ஸ் பாட்டோடு (அளவுகோலாக வைத்துக்கொள்ளும் வெளிவந்த பாட்டு) ஒப்பிடும்போதும் இதே கதை. மாஸ்டர் ஆகி (வெளியீட்டுக்கான கடைசி மெருகு முடிந்து) வெளிவந்த சினிமாப் பாட்டு மைனஸ் 8, மைனஸ் 9 என்று இருப்பது சாதாரணம். அதை அப்படியே உங்கள் மிக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் யாருக்குமே மனம் உடையும். முதலில் அதை ஆறேழு டெசிபல் இறக்குங்கள், அப்புறம் பேசலாம்.

ஒருவர் "பேஸ் ஓவர்" என்கிறார், இன்னொருவர் "பேஸே இல்லை" என்கிறார்

இருவரும் சரியாகச் சொல்லியிருக்கலாம். முதலில் இருவரும் எதில் கேட்டார்கள் என்று கேளுங்கள். போனின் சொந்த ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தராது. உங்கள் பேஸ் கிட்டார் வாழ்வதே அதற்குக் கீழேதான். போனில் கேட்டவர் "பேஸ் இல்லை" என்றால் அவர் சொல்வது உண்மை, ஆனால் 60 ஹெர்ட்ஸை ஏற்றுவது அதற்குத் தீர்வு இல்லை. போனில் அது கேட்கவே போவதில்லை, காரில் கேட்பவருக்குக் கண்ணாடி அதிரும். பேஸ் ட்ராக்கில் லேசாக சாச்சுரேஷன் (ஒலியைக் கொஞ்சம் சிதைப்பது) சேர்த்தால் மேல் ஸ்வரங்கள் பிறக்கும். அவற்றைக் கேட்டு அடிஸ்வரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் வரி புரிவதற்கு அதுதான் வழி.

காரில் கேட்டவரும் ஹெட்போனில் கேட்டவரும் முரண்பட்டால், நீங்கள் ஸ்பீக்கரிலும் மிக்ஸ் செய்கிறவர் என்றால், உங்கள் அறையைச் சந்தேகப்படுங்கள். நம் வீடுகளில் 10க்கு 10 அடி அறை சகஜம், கூரையும் பல வீடுகளில் 10 அடிதான். மிக்ஸிங்குக்கு இதைவிட மோசமான அளவு கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது, 10 அடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே முதலில் தேங்கி நிற்கும் அதிர்வு 343ஐ அதன் இரு மடங்கான 6.1ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்று பக்கமும் அதே 56ல் வந்து குவிகிறது. பேஸ் கிட்டாரின் ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் சுவரோரம் கும்மென்று முழங்கும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும்.

இதன் விளைவைப் பாருங்கள். நாற்காலியை அறை நடுவில் போட்டு மிக்ஸ் செய்கிறவருக்கு ஏ ஸ்வரம் கேட்பதில்லை, அதனால் ஏற்றிவைக்கிறார். நண்பர் "பேஸ் ஓவர்" என்கிறார். கட்டிலில் சுவரில் சாய்ந்து மிக்ஸ் செய்கிறவருக்கு அதே ஸ்வரம் உருமுகிறது, அதனால் இறக்கிவைக்கிறார். நண்பர் "பேஸ் இல்லை" என்கிறார். மிக்ஸ் செய்தவரும் நண்பரும் ஒரே ஹெட்போனை மாட்டி அந்த இடத்தைக் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சைன் டோன் ஜெனரேட்டரில் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஓட்டிவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். ஓர் அடி நகர்ந்தால் ஒரு ஸ்வரம் எழுவதும் விழுவதும் நன்றாகவே தெரியும்.

இந்த இடத்தில் யாராவது ஃபோம் ஒட்டச் சொல்வார்கள். ஒரு அங்குல ஃபோம் உயர்ந்த ஒலிகளை மட்டும்தான் உறிஞ்சும். 56 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6 மீட்டருக்கு மேல், அதற்கு இந்த ஸ்பாஞ்ச் இருப்பதே தெரியாது. சுவர் முழுக்க ஒட்டினால் பேஸ் அப்படியே இருக்கும், அறை மட்டும் மந்தமாகிவிடும். மந்தமான அறையில் உட்கார்ந்து நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், அப்புறம் "காது குத்துது" என்று ஒரு புதுக் கருத்து வரும். முட்டை அட்டை ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சுவரோரமும் நட்டநடுவும் அல்லாத இடமாகப் பார்த்து நாற்காலியை நகர்த்துங்கள், மூலைகளில் தடிமனான ராக்வூல் (பாறை இழைப் பலகை) வையுங்கள், பேஸ் முடிவுகளை ஹெட்போனில் எடுங்கள். வாடகை வீட்டில் இதற்கு மேல் செய்வது சிரமம்.

"குரல் கேட்கலை" என்கிறார்கள், எனக்கு நன்றாகவே கேட்கிறது

உங்களுக்குப் பாட்டு வரி மனப்பாடம். பாதி எழுத்தைக் காது கேட்காவிட்டாலும் மனசு நிரப்பிவிடும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் உங்கள் தீர்ப்பு செல்லாது.

பாட்டை இதுவரை கேட்காத ஒருவரைப் பிடித்து, கையில் பேனாவும் தாளும் கொடுத்து, ஒருமுறை ஓட்டி, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். மிக்ஸிங் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. எழுதாமல் விட்டதும் தப்பாக எழுதியதும்தான் உங்கள் வேலைப் பட்டியல். தமிழ்ப் பாட்டில் சொல்லின் கடைசி எழுத்துகளைக் குறிப்பாகப் பாருங்கள். வந்தான், வந்தாள், வந்தால் மூன்றுக்கும் வித்தியாசம் கடைசி ஒற்றில்தான் இருக்கிறது. பாடுகிறவர் மூச்சு தீர்ந்து இறங்குவதும் அந்த இடத்தில்தான், ரிவெர்பின் (எதிரொலி மாதிரி முழக்கம் சேர்க்கும் எஃபெக்ட்) வால் வந்து மூடுவதும் அந்த இடத்தில்தான். குரல் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் பிடி) மொத்தமாக ஏற்றினால் "குரல் மட்டும் தனியா நிக்குது" என்று அடுத்த புகார் வரும். விழுந்த சொல்லின் விழுந்த எழுத்தை மட்டும் ஆட்டோமேஷனில் (அந்தந்த இடத்தில் சத்தம் தானாக மாறும்படி குறித்துவைப்பது) ஒன்றிரண்டு டெசிபல் தூக்குங்கள். சலிப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை.

யார் சொன்னார்கள் என்பதையும் பாருங்கள். கிட்டார் வாசித்தவர் கிட்டார் கம்மி என்பார், மிருதங்கக்காரர் தொப்பி கேட்கவில்லை என்பார். பாடியவர்களில் இரண்டு ரகம் உண்டு: தன் குரலை இன்னும் ஏற்றச் சொல்பவர், தன் குரலைக் கேட்கக் கூச்சப்பட்டு இறக்கச் சொல்பவர். பாட்டில் பங்கு இல்லாத ஒருவர் அதையே சொன்னால்தான் ஃபேடரில் கை வைக்க வேண்டும்.

"ஏதோ ஒட்டலை"

கரோக்கி ட்ராக் மேல் பாடிய கவர் பாட்டுகளுக்கு அடிக்கடி வரும் கருத்து. கேட்பவர் சொல்வது மிகச் சரி, ஆனால் எது ஒட்டவில்லை என்பதை அவரால் சொல்ல முடியாது. முதலில் நேரத்தைச் சந்தேகப்படுங்கள். பாடும்போது ப்ளூடூத் ஹெட்போன் மாட்டியிருந்தாரா? ப்ளூடூத்தில் சத்தம் 100, 200 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் காதுக்கு வரும். பாடுகிறவர் அந்தத் தாமதத்தோடு சேர்ந்து சரியாகப் பாடியிருப்பார், பதிவில் குரல் அவ்வளவும் பின்தங்கி விழுந்திருக்கும். எந்த ரிவெர்பும் இதைச் சரிசெய்யாது. குரல் ட்ராக்கைப் பிடித்து முன்னால் இழுத்து, ஸ்னேர் ட்ரம்மும் வல்லெழுத்துகளும் சேரும் இடத்தில் விடுங்கள். அடுத்த தடவை வயர் ஹெட்போன்.

நேரம் சரியாக இருந்தால், கரோக்கி ட்ராக் ஏற்கெனவே மாஸ்டர் ஆகி லிமிட்டர் வரை போய்வந்தது என்பதை நினைவில் வையுங்கள். அதில் குரலுக்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். ட்ராக்கை ஆறு டெசிபல் இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். பாட்டில் இருக்கிற ரிவெர்ப் எவ்வளவு நீளம் என்று கேட்டு, அதே நீளத்தைக் குரலுக்கும் கொடுங்கள்.

"கிட்டார் எங்கே போச்சு?"

நீங்கள் வைத்த கிட்டாரை ஒருவர் மட்டும் கேட்கவே இல்லை என்றால் மோனோதான் (இடதும் வலதும் ஒரே சேனலாகச் சேர்வது) காரணம். ஒரே கிட்டாரை இரண்டாக நகலெடுத்து, ஒன்றை 10, 15 மில்லிசெகண்ட் தள்ளி இடது வலது வைத்து அகலமாக்கியிருப்பீர்கள், அல்லது வைடனர் ப்ளக்இன் போட்டிருப்பீர்கள். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். மாஸ்டர் சேனலில் (எல்லா ட்ராக்கும் வந்து சேரும் இடம்) மோனோ பட்டனைத் தட்டிப் பாருங்கள். உண்மையாகவே இரண்டு தடவை வாசித்துப் பதிவு செய்வதுதான் நல்ல வழி. அப்புறம், பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டவரிடமும் விசாரித்துவிடுங்கள்.

நான் அனுப்பியதும் அவர் கேட்டதும் ஒரே பாட்டா என்றே சந்தேகம்

சில நேரம் ஒரே பாட்டு இல்லைதான். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை அனுப்புமுன் முழுசாக ஒருமுறை கேளுங்கள். மியூட் செய்து மறந்த ட்ராக், பாதியில் வெட்டுப்பட்ட ரிவெர்ப் வால், சோலோ பட்டன் அமுங்கியபடியே போன எக்ஸ்போர்ட் எல்லாம் எல்லோருக்கும் நடப்பவை. வாட்ஸாப்பில் அனுப்பினால் டாகுமெண்டாக அனுப்புங்கள், ஸ்க்ரீன் ரெக்கார்டிங் வீடியோவாக வேண்டாம். உச்சம் மைனஸ் 1 டெசிபலில் நிற்கட்டும். பூஜ்ஜியத்தில் இடிக்கிற வேவ் கோப்பை எம்பி3 ஆக்கும்போது உச்சங்கள் எல்லை தாண்டிக் கரகரக்கும். கேட்பவர் பக்கம், போனில் டால்பி, பேஸ் பூஸ்ட் மாதிரி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கச் சொல்லுங்கள்.

கருத்து வந்தது, ஆனால் பாஷை புரியவில்லை

மிக்ஸிங் தெரியாதவர்கள் உடம்பில் உணர்ந்ததைச் சொல்வார்கள். அதுதான் அசல் சரக்கு, கலைச்சொல் தெரியாததால் அதைத் தள்ளிவிட வேண்டாம். "அடைச்ச மாதிரி இருக்கு" என்றால் பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை கிட்டார், கீபோர்டு, குரல், தபேலா எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாக மியூட் செய்து எதை எடுத்தால் மூச்சு வருகிறது என்று பாருங்கள். "காது குத்துது" என்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ். நம் காதுக்குழாயே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இயல்பாகக் கூட்டிக் கேட்கும் அமைப்பு என்பதால் அங்கே கொஞ்சம் அதிகமானாலும் வலிக்கும். "ஸ, ச சீறுது" என்றால் அதற்கு மேலே, 5 முதல் 9 வரை, டீஎஸ்ஸர் (சீறலை மட்டும் அடக்குவது) வேலை. "தூரத்துல பாடுற மாதிரி" என்றால் ரிவெர்பைக் குறையுங்கள், குரலை ஏற்றுவதற்கு முன்.

"டப்பாவுக்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்பது மட்டும் கொஞ்சம் வில்லங்கம். 400, 800 ஹெர்ட்ஸ் பக்கம் குறைத்தால் ஓரளவு போகும். போகவில்லை என்றால் அது மிக்ஸ் குறை அல்ல. வெற்றுச் சுவர்களுக்கு நடுவே மைக் வைத்துப் பாடியிருக்கிறார், சுவரில் பட்டுத் திரும்பிய சத்தமும் குரலோடு பதிவாகியிருக்கிறது. ஈக்யூவால் அதைப் பிரிக்க முடியாது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ரெண்டு கம்பளியைத் தொங்கவிட்டு மறுபடி பாடவைப்பது, பத்து ப்ளக்இன்னைவிட வேகமான தீர்வு.

இதே மாதிரி, "ஸ்ருதி சேரலை", "இடையிசை நீளம்" என்பதெல்லாம் மிக்ஸ் பற்றிய கருத்தே அல்ல. சங்கீதம் கற்றவர்களிடம் கொடுத்தால் பெரும்பாலும் இவைதான் வரும். தனித் தாளில் எழுதி, பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஃபேடரால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

ஆளுக்கொரு தீர்வு சொல்கிறார்கள்

ஒருவர் "சரணத்தில் வயலினைக் குறை" என்கிறார், இன்னொருவர் "சரணத்தில் குரலுக்கு ட்ரெபிள் கூட்டு", மூன்றாமவர் "சரணம் போர்". தீர்வுகளை அழித்துவிட்டு இடத்தை மட்டும் பாருங்கள். மூன்று பேரும் சரணத்தைத்தான் காட்டுகிறார்கள். இடம் சரி, காரணம் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது. ட்ராக்குகள் உங்களிடம்தான் இருக்கின்றன, அவர்களிடம் இருப்பது இரண்டு சேனல் கோப்பு மட்டும்.

நான் கருத்து சொன்னால் எதிராளி விளக்கம் சொல்லியே வாயை அடைக்கிறார்

"அண்ணே, அது லோஃபை ஸ்டைல், வேணும்னேதான் அப்படி வெச்சேன்."

"சரி தம்பி."

அத்தோடு அந்த அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். தம்பி பக்கம் இருப்பவர்களுக்கு முதலில்: விளக்கத்தைப் பின்னால் சொல்லுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு "எந்த இடத்துலண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். வேண்டுமென்றே செய்த ஒன்று கேட்பவருக்குக் குறையாகப் பட்டால், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். பாதி செய்தது கோளாறு மாதிரித் தெரியும், துணிந்து முழுசாகச் செய்தால் ஸ்டைலாகத் தெரியும்.

அண்ணன் பக்கம் இருப்பவர்களுக்கு: நீங்கள் மருந்து எழுதிக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். "மாஸ்டரில் 3 கிலோஹெர்ட்ஸை 2 டெசிபல் குறை" என்பது உதவி மாதிரித் தெரியும். குத்துவது ட்ரம்ஸின் ஹை ஹேட் தட்டாக இருக்கலாம், மாஸ்டரில் குறைத்தால் குரலும் சேர்ந்து செத்துவிடும். உங்கள் ஹெட்போனுக்கே 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு மேடு இருக்கலாம். நீங்கள் கேட்டதை மட்டும் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது, ஏனென்றால் உங்கள் காதில் விழுந்தது உங்கள் காதில் விழுந்ததுதான். இப்படி:

"கேட்டது வயர் ஹெட்போனில், அப்புறம் போன் ஸ்பீக்கரில், நடுத்தரச் சத்தம்.
0:47: சரணம் தொடங்கும்போது குரல் பின்னால் போகிறது. இந்த வரியில் 'கரையோரம்' மட்டும்தான் புரிந்தது. போனில் அதுவும் இல்லை.
1:32: ஒவ்வொரு ஸ்னேர் அடிக்கும் மொத்தப் பாட்டும் அமுங்கி எழுகிறது. தெரிந்தே செய்ததா?
2:10: புல்லாங்குழல் நுழையும் இடம் ரொம்ப நன்றாக இருக்கிறது. அதைத் தொடாதே."

கடைசி வரி மரியாதைக்காகச் சேர்த்த பாராட்டு அல்ல. எதைத் தொடக் கூடாது என்று தெரியாவிட்டால், அவர் 0:47ஐச் சரிசெய்யப் போய் 2:10ஐக் கெடுத்துவைப்பார்.

இந்தக் குறிப்பை எழுத இரண்டு தடவை கேட்டால் போதும். முதல் தடவை திரையை அணைத்துவிட்டு, நிறுத்தாமல், எழுதாமல். இரண்டாம் தடவை கையில் பேனாவோடு. அலைவடிவம் கண்முன் ஓடினால் காது கேட்பதற்கு முன் கண் தீர்ப்புச் சொல்லிவிடும்.

இருபது குறை சொன்னேன், எதையும் மாற்றவில்லை (அல்லது எல்லாவற்றையும் மாற்றிக் கெடுத்துவிட்டார்)

இருபது சொன்னதுதான் கோளாறு. மூன்றுக்கு மேல் சொல்லாதீர்கள், பெரியதிலிருந்து தொடங்குங்கள். பாட்டைத் தாங்குகிற குரலோ கருவியோ முன்னால் நிற்கிறதா? கிக் ட்ரம்மும் பேஸும் ஒன்றையொன்று மிதிக்கின்றனவா? எங்காவது காது வலிக்கிறதா? இந்த மூன்றும் சரியாகும்வரை ஹை ஹேட்டின் ரிவெர்ப் பற்றிப் பேசிப் பயனில்லை. பேலன்ஸ் மாறினாலே உங்கள் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

"தபேலாவை எடுத்துட்டு ட்ரம்ஸ் போடு" என்று எழுதப் போகிறீர்கள் என்றால் கையை எடுங்கள். அப்படி மாற்றினால் அது உங்கள் பாட்டாகிவிடும், அவருடையதாக இருக்காது. ரொம்ப உறுத்தினால், அவர் எந்தப் பாட்டு மாதிரி வர ஆசைப்படுகிறார் என்று கேட்டு வாங்கி, அதன் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

பதினேழாவது பதிப்பு போய்க்கொண்டிருக்கிறது

மாற்றங்கள் அரை டெசிபலாகச் சுருங்கிவிட்டன, வருகிற கருத்துகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன, கேட்பவர்கள் மிக்ஸை விட்டுவிட்டுப் பாட்டு வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் கருத்து கேட்பதை நிறுத்தலாம். இரண்டு நாள் அந்தப் பாட்டைத் தொடாதீர்கள். அப்புறம் நடுவில் எங்காவது, ஆறாவது பதிப்பு மாதிரி ஒன்றை எடுத்து, சத்த அளவைச் சமமாக்கி, கடைசிப் பதிப்போடு பெயர் தெரியாமல் கேட்டுப் பாருங்கள். பழையது ஜெயிப்பது அபூர்வம் அல்ல. அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் ப்ராஜெக்ட் கோப்பை வேறு பெயரில் சேமிக்க வேண்டும். ஒரே கோப்பின் மேல் சேமித்துக்கொண்டே போனவருக்குத் திரும்பிப் போக வழி இருக்காது.

ஜெயித்த பதிப்பை 24 பிட் வேவாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கூடவே குரல் இல்லாத மிக்ஸ் ஒன்று, குரல் மட்டும் ஒன்று, எல்லா ட்ராக்கும் தனித்தனி வேவாக ஒரு ஃபோல்டர். ப்ளக்இன் உரிமம் முடிந்து ப்ராஜெக்ட் திறக்காமல் போனாலும் அந்த ஃபோல்டர் திறக்கும். மேடையில் பாட யாராவது கூப்பிட்டால் முதலில் கேட்பதும் குரல் இல்லாத அந்த மிக்ஸைத்தான்.